ஊர் மாறி விவசாயம்: மலிவான ஏக்கர் ஏன் மலிவாகக் கிடைக்கிறது?

கோவை, திருப்பூர் பக்கம் இரண்டு ஏக்கரை விற்றால் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் இருபது ஏக்கர் வாங்கிவிடலாம் என்ற பேச்சு கொங்கு வட்டாரத்தில் சில ஆண்டுகளாகவே அடிபடுகிறது. 'தார்ச்சாலை முகப்பு, கிளியர் டைட்டில், அருமையான நிலத்தடி நீர்' என்று தரகர்களின் விளம்பரங்களும் கைபேசிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதியில் வேர்வாடல் நோயும் சுருள் வெள்ளை ஈயும் தென்னையை வாட்டுகின்றன. ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டியும் தூசிதான் பறக்கிறது. பக்கத்துத் தோட்டம் மனைப்பிரிவாகிவிட்டது. இந்த நிலையில், விற்றுவிட்டு வேறு மாவட்டத்தில் பெரிய அளவில் செய்யலாமே என்று ஒருவர் யோசிப்பதில் தவறு காண முடியாது.

ஆனால் விளம்பரத்தில் இல்லாத ஒரு கேள்வி இருக்கிறது. அந்த நிலம் ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது? இதற்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை ஊர் மாறுவதன் லாப நட்டத்தை யாராலும் கணக்கிட முடியாது.

விலை வித்தியாசத்துக்குள் இருப்பவை

ஒரு ஏக்கரின் விலை மண்ணுக்கு மட்டுமான விலை அல்ல. அதில் குறைந்தது நான்கு பங்குகள் கலந்திருக்கின்றன.

1. மனையாகும் வாய்ப்பு. திருப்பூரை ஒட்டிய நிலத்தின் விலையில் பெரும்பகுதி இதுதான். அங்கே விவசாயம் செய்பவருக்கு இந்தப் பங்கால் ஒரு பைசா வருமானமும் இல்லை. விற்கும்போதுதான் இது பணமாகிறது.

2. நீரின் உறுதி. எவ்வளவு நீர் என்பதைவிட, எந்த மாதத்தில் எத்தனை ஆண்டுகள் தவறாமல் கிடைக்கும் என்பதற்கான விலை.

3. சுற்றியிருக்கும் ஏற்பாடுகள். தேங்காய் உரிக்கும் ஆள், கொப்பரைக் களம், மோட்டார் காயில் கட்டுபவர், இரவில் லாரி ஏற்றும் மண்டி ஆகியவற்றின் விலை.

4. பத்திரத்தின் தெளிவு. வழக்கு வராது என்ற நிம்மதிக்கும் சந்தையில் விலை உண்டு.

முதல் பங்கைக் கழற்றிப் பணமாக்கி, மற்ற மூன்றும் நன்றாக இருக்கும் நிலத்தை வேறிடத்தில் வாங்க முடிந்தால் ஊர் மாறுவது உண்மையிலேயே நல்ல வியாபாரம். ஏக்கர் மூன்று லட்சத்துக்குக் கிடைக்கும் நிலத்தில் பெரும்பாலும் மனை வாய்ப்போடு சேர்த்து இந்த மூன்றில் ஒன்றோ இரண்டோ இருக்காது. இல்லாத அந்த ஒன்றைப் போகிறவர் தன் கையிலிருந்து ஈடுகட்ட முடியுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முடியும் என்றால் மலிவு அவருக்கு லாபம். முடியாதென்றால், உள்ளூர்க்காரர் எந்தச் சிரமத்துக்காக நிலத்தைத் தரிசாகப் போட்டாரோ அதே சிரமத்தை இவர் பணம் கொடுத்து வாங்குகிறார்.

முன்பே போனவர்களின் கதை

இதற்குப் பலரும் காட்டும் உதாரணம் கமுதி வட்டாரம். அபிராமத்துக்கு அருகே வல்லந்தை கிராமத்தில் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கிய விவசாயிகள் 2000களின் பிற்பகுதியில் சில நூறு ஏக்கர் வாங்கினார்கள். சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த தரிசு அது. வேரோடு பிடுங்கி, சமப்படுத்தி, மா, கொய்யா, நெல்லி என்று பழத்தோட்டமாக மாற்றினார்கள். 'பஞ்சாபிகள் வந்து ராமநாதபுரத்தில் சாதித்தார்கள்' என்று பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவர்கள் கோதுமையையோ பஞ்சாபின் நெல்லையோ தூக்கிக்கொண்டு வரவில்லை. இந்த மண்ணுக்கும் சொட்டு நீருக்கும் எது தாங்குமோ அதை நட்டார்கள். ஒட்டு மாங்கன்று காய்ப்புக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை வருமானமின்றி நிலத்தில் பணம் போடும் தெம்பும், பெரிய பரப்பைச் சேர்ந்து பராமரிக்கும் ஒற்றுமையும் அவர்களிடம் இருந்தன. நிலத்தின் குறையை மூலதனத்தாலும் பொறுமையாலும் ஈடுகட்டிய கதை இது. அங்கே மண் திடீரென்று நல்ல மண்ணாகிவிடவில்லை.

பஞ்சாப் விவசாயிகளின் இன்னொரு கதை குஜராத்தின் கட்ச் பகுதியில் நடந்தது. 1965 போருக்குப் பிறகு எல்லையோர நிலங்களில் குடியேற ஊக்குவிக்கப்பட்டவர்கள் அவர்கள். பல பத்தாண்டுகள் உழுத பிறகு, 2010இல் அவர்களில் பலருடைய நிலக் கணக்குகள் முடக்கப்பட்டன. குஜராத்தில் விவசாயியாக இல்லாதவர் அங்கே விவசாய நிலம் வாங்க முடியாது என்பது நிர்வாகத்தின் வாதம். 2012இல் குஜராத் உயர் நீதிமன்றம் விவசாயிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு தலைமுறை உழைத்த பிறகும் 'நீ இந்த ஊர்க்காரன்தானா' என்ற கேள்வி பத்திரத்தின் வழியாக வரக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மூன்றாவது, கேரளத்தின் இஞ்சி விவசாயிகள். வயநாட்டிலிருந்து குடகு, மைசூரு, ஷிவமொக்கா மாவட்டங்களுக்குப் போய்க் குத்தகைக்கு நிலம் எடுத்து இஞ்சி போடுவது நெடுநாள் வழக்கம். இவர்கள் நிலம் வாங்குவதே இல்லை. காரணம் தாவர நோயியலில் இருக்கிறது. இஞ்சிக்கு வரும் மென்னழுகல் நோயின் பூஞ்சை மண்ணில் தங்கிவிடும். ஒரு முறை போட்ட நிலத்தில் மறுமுறை போட்டால் கிழங்கு அழுகிப்போகும். எனவே ஒவ்வொரு பருவத்துக்கும் புதுமண் வேண்டும். பெரும்பாலும் 18 மாதக் குத்தகை. இஞ்சி எடுத்து, 60 கிலோ மூட்டையில் கட்டி, அடுத்த தாலுகாவுக்கு நகர்வார்கள். விலை உயர்ந்த ஆண்டில் ஒரே பருவத்தில் வீடு கட்டியவர்களும் உண்டு, சரிந்த ஆண்டில் கடனோடு திரும்பியவர்களும் உண்டு. கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டம் விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விடுவதையே பொதுவாகத் தடை செய்கிறது. ஆகவே இந்த ஒப்பந்தங்களில் பலவும் வாய்மொழியிலோ, நீதிமன்றத்தில் நிற்காத காகிதத்திலோ நடப்பவை. 2020 ஊரடங்கில் கேரள–கர்நாடக எல்லைச் சாலைகள் மூடப்பட்டபோது, தன் பயிரைப் பார்க்கப் போக முடியாமல் கேரளப் பக்கம் நின்றவர்களிடம் காட்டுவதற்குப் பயிர் தங்களுடையது என்ற உருப்படியான ஆவணம்கூட இல்லை.

தண்ணீர்: மழையளவு ஏமாற்றும்

ராமநாதபுரம் என்றாலே வறட்சி என்பது பொதுப்புத்தி. மழைக்கணக்கு வேறு சொல்கிறது. அந்த மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 800 மி.மீ. அளவில் இருக்கிறது. கோவை, திருப்பூர் சமவெளியில் இதைவிடக் குறைவு. பிறகு எப்படிக் கொங்கில் தோட்டமும் ராமநாதபுரத்தில் தரிசும்?

முதல் காரணம் மழை பெய்யும் காலம். ராமநாதபுரத்து மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. மீதி ஆண்டைக் கண்மாய்களும் கிணறுகளும்தான் தாங்க வேண்டும். கொங்கில் தென்மேற்குப் பருவம் மலையிலிருந்து ஆற்றிலும் வாய்க்காலிலும் கொண்டுவரும் நீர் கூடுதல் கை கொடுக்கிறது. வைகைக்குக் கடைமடை ராமநாதபுரம். மேலே நிரம்பி மிஞ்சினால்தான் அங்கே வரும்.

இரண்டாவது காரணம் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. கடலோரப் பகுதிகளிலும் உள்ளேயும் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. தோண்டினால் நீர் வருகிறதா என்று மட்டும் பார்க்கும் கொங்கு விவசாயி இங்கேதான் தடுக்கி விழுகிறார். அவர் ஊரில் பிரச்சினை ஆழம். இங்கே முப்பது அடியில்கூட நீர் கிடைக்கலாம், பயிருக்குத்தான் ஆகாது. நீரின் உப்புத்தன்மையை மின்கடத்து திறனால் அளப்பார்கள். அளவு ஒரு மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸ்க்குக் கீழே இருந்தால் பாசனத்துக்குக் கவலையில்லை. 3ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்குக் கடுமையான பாதிப்பு. இடையில் இருந்தால் பயிரைப் பொறுத்தது. பருத்தி 5 வரை தாங்கும், மிளகாய் 1ஐத் தாண்டியதுமே விளைச்சல் குறையத் தொடங்கும். 'ராமநாதபுரம்தான் மிளகாய்க்குப் பேர்போன ஊராயிற்றே, 2023இல் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்ததே' என்று கேட்கலாம். அந்த மிளகாய் பெரும்பாலும் மழையீரத்தில், மானாவாரியாக விளைவது. அதே நிலத்தில் போர் போட்டு, சொட்டு நீரில் வீரிய ரகம் போட்டு மகசூலை மூன்று மடங்காக்கலாம் என்று புறப்படுகிறவர் உள்ளூர்க்காரர் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று முதலில் கேட்கட்டும்.

பண்ணைக்குட்டை வெட்டிச் சமாளிக்கலாம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 800 மி.மீ. மழை விழுந்தால் ஏறத்தாழ 32 லட்சம் லிட்டர். கேட்க மலைப்பாகத்தான் இருக்கும். 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் ஒரு குட்டை வெட்டினால் அதிகபட்சம் 18 லட்சம் லிட்டர் நிற்கும். கோடையில் நாளொன்றுக்கு 6 முதல் 7 மி.மீ. ஆவியாகும் என்று வைத்துக்கொண்டால் நான்கு மாதத்தில் ஏழு லட்சம் லிட்டர் வானத்துக்குப் போய்விடும். மிச்சம் பதினொரு லட்சம். ஏக்கருக்கு 70 தென்னை, மரத்துக்கு நாளொன்றுக்கு 60 லிட்டர், 120 நாள் என்றால் ஏக்கருக்கு ஐந்து லட்சம் லிட்டர் வேண்டும். ஆக, அவ்வளவு பெரிய குட்டையும் கோடையில் இரண்டு ஏக்கர் தென்னையைக் காப்பாற்றும், அதுவும் அடியில் கசியாமல் இருந்தால். இருபது ஏக்கர் வாங்கியவர் இந்தக் கணக்கைப் பத்திரப் பதிவுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

நிலம் பார்க்கப் போகும்போது நீர் விஷயத்தில் கேட்க வேண்டியவை:

1. நிலம் கண்மாயின் ஆயக்கட்டுக்குள், அதாவது அதன் பாசனப் பரப்புக்குள், இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? உள்ளே என்றால் எந்த மடை, எத்தனையாவது முறை, யார் நீர்ப்பாய்ச்சி? இந்த முறையைப் பத்திரம் சொல்லாது, ஊர்தான் சொல்லும்.

2. அந்தக் குறுவட்டம் (பிர்கா) நிலத்தடி நீர்க் கணக்கெடுப்பில் எந்தப் பிரிவில் இருக்கிறது? தமிழகத்தில் இந்த மதிப்பீடு குறுவட்ட வாரியாகச் செய்யப்படுகிறது. பாதுகாப்பானது, அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டது என்ற வகைகளோடு உவர் நீர்ப் பகுதி என்ற வகையும் அதில் உண்டு.

3. அக்கம்பக்கத்து நான்கு கிணறுகளின் நீரை மே மாதத்தில் எடுத்துச் சோதித்தீர்களா? டிசம்பரில் எடுத்த மாதிரி எல்லாக் கிணற்றையும் நல்ல கிணறாகக் காட்டும்.

4. நிலத்தில் ஏற்கெனவே விவசாய மின் இணைப்பு இருக்கிறதா? தமிழகத்தில் விவசாய மின்சாரம் இலவசம்தான். புதிய இணைப்புக்கு வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அல்லது தட்கல் எனும் விரைவு முறையில் லட்சங்களைக் கட்ட வேண்டும். இணைப்போடு கிடைக்கும் நிலத்துக்கு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

பத்திரம்: பழைய சீமையின் சிக்கல்கள்

ராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீன் சீமைகளாக இருந்தவை. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அங்கே ரயத்துவாரி பட்டாக்கள், அதாவது உழவரே நேரடியாக அரசுக்கு வரி கட்டும் முறையின் பட்டாக்கள், வந்தன. தாத்தா காலத்திலிருந்து ரயத்துவாரி நிலத்தைக் கையாண்டு பழகிய கோவை விவசாயிக்கு இந்தப் பின்னணி புதிது. தாய்ப்பத்திரத்தில் வேறு எண், ஜமீன் ஒழிப்புக்குப் பிந்தைய நிலவரித் திட்டத்தில் வேறு எண், 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் இன்னொரு எண், அதில் நேர்ந்த பெயர்ப் பிழை என்று ஒரே துண்டு நிலத்துக்கு மூன்று முகவரிகள் இருக்கும். மூன்றும் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றன என்று நிரூபிக்கும் பொறுப்பு வாங்குகிறவர் தலையில்.

அடுத்து, கூட்டுப் பட்டா. ஏழு பேர் பெயரில் பட்டா இருக்கும். மூன்று பேர் இறந்திருப்பார்கள், ஒருவர் மலேசியாவில் இருப்பார். விற்பவர் பவர் பத்திரத்தோடு வருவார். தமிழகத்தில் 1989லும், நாடு முழுவதும் 2005லும் செய்யப்பட்ட வாரிசுரிமைச் சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு, பூர்விகச் சொத்தில் மகள்களின் கையெழுத்தைத் தவிர்த்துவிட்டு நடக்கும் விற்பனை எப்போது வேண்டுமானாலும் நீதிமன்றத்தில் வந்து நிற்கும். தரிசாகக் கிடந்தவரை அந்த நிலத்தின் மேல் யாருக்கும் அக்கறை இருக்காது. கருவேலத்தை அழித்து, வேலி போட்டு, மாங்கன்று பச்சைபிடித்த பிறகு பங்காளிகளுக்குத் திடீரென்று பூர்விகப் பாசம் பிறக்கும்.

வாங்கவே கூடாத வகைகளும் உண்டு. பஞ்சமி நிலம் பட்டியல் சமூகத்தினருக்கென்று ஆங்கிலேயர் காலத்தில் ஒதுக்கப்பட்டது. பிறருக்கு விற்றால் செல்லாது, எத்தனை கை மாறியிருந்தாலும் செல்லாது. நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த நிலம், பூமிதான நிலம், கோயில் நிலம், கண்மாயின் நீர்ப்பிடிப்பு, அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் புறம்போக்கு ஆகியவையும் இந்த வரிசையில் வரும். 2007ஆம் ஆண்டின் ஏரி, குளங்கள் பாதுகாப்புச் சட்டப்படி நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு. மழையில்லாத மாதத்தில் போய்ப் பார்த்தால் வரத்துக்கால் வெறும் பள்ளமாகத்தான் தெரியும். கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிலத்தை நடந்து பார்க்க வேண்டும்.

பாதை இன்னொரு பொறி. தார்ச்சாலையிலிருந்து உள்ளே போகும் வண்டிப்பாதை வரைபடத்தில் இருக்கிறதா, அல்லது பக்கத்துக்காரரின் தயவில் நடக்கிறதா என்று பாருங்கள். தயவு, நிலம் பூத்துக் காய்க்கத் தொடங்கியதும் விலையாக மாறும்.

மாநிலம் தாண்டினால்

தமிழகத்தில் விவசாய நிலம் வாங்க ஒருவர் விவசாயியாக இருக்க வேண்டியதில்லை. வெளிநாடு வாழ் இந்தியர் மட்டும் விவசாய நிலத்தையும் தோட்டத்தையும் விலைக்கு வாங்க முடியாது, வாரிசாகப் பெறலாம். நில உச்சவரம்பு ஐந்து பேர் வரை உள்ள குடும்பத்துக்கு 15 தர ஏக்கர். புஞ்சையில் ஒரு தர ஏக்கர் என்பது சாதாரண ஏக்கரைவிடக் கூடுதல் பரப்பு என்பதால் இருபது ஏக்கர் புஞ்சை வாங்குகிறவருக்கு இது தடையாகாது. இதைவிட அதிகப் பரப்பை யோசிப்பவர் வட்டாட்சியர் அலுவலகத்தில் தர ஏக்கர் கணக்கைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர் நிலம் வாங்க இருந்த தடை 2020இல் நீக்கப்பட்டது, குத்தகைத் தடை இருக்கிறது. கேரளத்திலும் குத்தகை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் விவசாயியாக இல்லாதவர் விவசாய நிலம் வாங்கப் பொதுவாகத் தடை உண்டு. இமாச்சலப் பிரதேசத்தில் வெளி மாநிலத்தவருக்கு அரசின் அனுமதி வேண்டும். பழங்குடியினர் பகுதிகளில் அநேகமாக எல்லா மாநிலங்களிலும் தனிக் கட்டுப்பாடு உண்டு. அது அவசியமும்கூட. திருவிதாங்கூரிலிருந்து மலபாருக்கு 1920களில் தொடங்கிய விவசாயக் குடியேற்றம், மலேரியாவில் குடும்பங்களைப் பறிகொடுத்தும் காட்டைத் திருத்திய உழைப்பின் கதையாகவே சொல்லப்படுகிறது. வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் பழங்குடியினரின் நிலம் கைமாறிய கதையும் அதற்குள்ளேதான் இருக்கிறது. அட்டப்பாடியில் குடியேறியவர்களில் தமிழர்களும் உண்டு. பறிபோன பழங்குடி நிலங்களை மீட்கக் கேரளம் 1975இல் சட்டமே போட வேண்டியிருந்தது.

ஆளும் ஆடும்

ஊர் மாறுவோர் கணக்கில் அதிகம் விடுபடுவது ஆள். ராமநாதபுரத்து இளைஞர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். திருப்பூரில் ஆள் கிடைக்கவில்லை என்று கிளம்பி வருகிற விவசாயி, அந்த ஊர் ஆட்களைத் தன் ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறார். தோப்பில் மரமேற, கவாத்து செய்ய, சொட்டு நீர்க் குழாயின் அடைப்பை எடுக்கப் பழகிய ஆள் இங்கே இல்லை. கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நிலத்தைத் திருத்தும் முதல் ஆண்டில் இது பெரிய உதவி. வேரை விட்டுவைத்தால் அடுத்த மழையில் கருவேலம் திரும்பத் தழைக்கும் என்பதால் இயந்திரச் செலவு தனி.

வேலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இருபது ஏக்கர் சதுரமாக அமைந்தால் சுற்றளவு 1,140 மீட்டர் வரும். மூன்று மீட்டருக்கு ஒரு கல் என்றால் 380 கல். கம்பி, ஆள்கூலி, மூலைக்கற்களுக்குக் கான்கிரீட் என்று சேர்த்தால் நிலவிலையில் கணிசமான பங்கை வேலியே தின்றுவிடும். செலவைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. தரிசாகக் கிடந்த நிலம் யாருக்கும் பயன்படாமல் கிடக்கவில்லை. ஊரின் ஆடுமாடுகள் அதில் மேய்ந்தன. ஊர் ஊராக ஆடு மேய்த்துச் செல்லும் கீதாரிகள் தங்கள் மந்தையை அதன் வழியாகத்தான் ஓட்டிப்போனார்கள். வந்த வேகத்தில் நான்கு பக்கமும் கம்பி கட்டுகிறவர் ஊரின் மேய்ச்சலையும் பாதையையும் ஒரே நாளில் அடைக்கிறார். பிறகு வேலி அறுபடும், குழாய் உடையும், 'இந்த ஊர்க்காரர்கள் சரியில்லை' என்ற புலம்பல் தொடங்கும். விவரமானவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், கன்று நடும் பகுதியை மட்டும் அடைத்துவிட்டு மீதியில் ஆடுகளை இரவில் அடைத்துக் கிடை போடச் சொல்கிறார்கள். சத்தற்ற மண்ணுக்கு ஆட்டுக்கிடையைவிட மலிவான எரு கிடையாது, ஊரோடு உறவும் அதிலேயே தொடங்கிவிடுகிறது.

சந்தை பற்றிச் சுருக்கமாக ஒன்று. விளைந்த பொருளை முதல் ஆண்டு யாரிடம் விற்பீர்கள் என்பதற்கு ஒரு கடையின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும். பரமக்குடியில் மிளகாய்க்கு வியாபாரிகள் இருக்கிறார்கள். கொய்யாவுக்கும் தர்ப்பூசணிக்கும் லாரி உங்கள் நிலம் வரை வருமா, ஒரு லோடு சேரும் அளவுக்குப் பக்கத்தில் வேறு யாராவது அதே பயிரைப் போடுகிறார்களா என்பது விலையை முடிவு செய்யும். தனியாக ஒரு பயிர் போடுகிறவர் வியாபாரி சொல்லும் விலைக்குக் கட்டுப்பட்டவர்.

கடனும் காப்பீடும், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலைச் சுற்றியே நகரும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் புதிதாக உறுப்பினராக வேண்டும். பழைய ஊரில் இருபது ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிய பெயர் இங்கே செல்லுபடியாகாது.

யாருக்கு ஒத்துவரும், யாருக்கு வராது

மேலே சொன்னவற்றை வைத்துப் பார்த்தால் ஊர் மாறுவது சிலருக்குத் தெளிவாகவே லாபம். நகரத்தை ஒட்டி இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு, அதில் வரும் வருமானம் மோட்டார் பழுதுக்கே போதாதவர். நான்கைந்து ஆண்டுகள் நிலத்திலிருந்து எதையும் எதிர்பார்க்காமல் குடும்பம் நடத்தக்கூடியவர். உறவினரோ நண்பர்களோ நான்கைந்து பேராகச் சேர்ந்து அடுத்தடுத்து வாங்கி, டிராக்டரையும் காவலையும் சந்தையையும் பகிர்ந்துகொள்ளக்கூடியவர். தன் பயிரை விட்டுவிட்டு அந்த ஊர்ப் பயிரைக் கற்றுக்கொள்ளத் தயாரானவர். கடைசித் தகுதிதான் அபூர்வம். தென்னை வைத்தவர் எங்கே போனாலும் தென்னையைத்தான் தேடுவார்.

ஒத்துவராதவர்களும் உண்டு. தினசரி காய்கறி வருமானத்தில் குடும்பம் ஓட்டுபவர் அதில் முதலாவது. விற்ற பணத்தில் பாதியை வீட்டுக்கும் திருமணத்துக்கும் ஒதுக்கிவிட்டு மீதியில் அதிகபட்ச ஏக்கரை வாங்குபவர் அடுத்தவர். இவருக்கு நிலம் இருக்கும், அதைத் திருத்தக் காசு இருக்காது. நிலவிலையைப் போல இன்னொரு மடங்கு கையில் மிச்சமிருந்தால்தான் தரிசு வாங்க வேண்டும் என்பது என் கணிப்பு. இருபது ஏக்கருக்குப் பணம் இருந்தால் பத்து ஏக்கர் வாங்குங்கள். மூன்றாவது, பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருக்கும் குடும்பம். பள்ளிக்காக மனைவியும் மக்களும் பழைய ஊரில், இவர் புதிய நிலத்தில் என்று இரண்டு அடுப்பு எரியும். வாரம் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது மாங்கன்றுக்குக்கூட ஆகாது.

போகிற ஊருக்கு என்ன ஆகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்காக ஏறத்தாழ 2,500 ஏக்கர் போனபோது, நிலம் விற்றவர்களுக்குக் கையில் கொஞ்சம் பணம் வந்தது, கூலி வேலைக்கான வயல் போனது. விவசாயத்துக்காக வாங்குகிறவர் அதுபோல் நிலத்தை மூடிவிடுவதில்லை, வேலை கொடுக்கிறார். அதே சமயம் அவர் இறக்கும் ஆழ்துளைக் கிணறு பக்கத்து மானாவாரிக்காரரின் குடிநீர்க் கிணற்றை வற்றவைக்கலாம், கடலோரமாக இருந்தால் உவர் நீரை இன்னும் உள்ளே இழுக்கலாம். கொங்கில் நிலத்தடி நீரைக் காலி செய்துவிட்டு வந்த பழக்கத்தை இங்கேயும் தொடர்ந்தால், அடுத்த தலைமுறை மறுபடி இடம் தேட வேண்டியிருக்கும்.

வரிசை முக்கியம்: குத்தகை, விற்பனை, வாங்குதல்

எதை முதலில் செய்வது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று முன்பணம் கொடுத்து வாங்கிவிட்டு, பிறகு சொந்த ஊர் நிலத்தை விற்கிறார்கள். இதில் இரண்டு இழப்புகள் உண்டு.

1. நிலத்தைச் சோதிக்காமல் வாங்குவது. தமிழகத்தில் குத்தகைக்குத் தடை இல்லை. 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பயந்து நிலச்சொந்தக்காரர்கள் எழுதிக் கொடுக்கத் தயங்குவார்கள் என்பது உண்மை. வாய்மொழிக் குத்தகைக்குக் கூட்டுறவுக் கடனோ பயிர்க் காப்பீடோ எளிதில் கிடைக்காது. ஆனால் இங்கே நோக்கம் வருமானம் அல்ல. வாங்க நினைக்கும் நிலத்துக்குப் பக்கத்தில் ஐந்து ஏக்கரை எடுத்து, செப்டம்பர் புழுதி விதைப்பிலிருந்து அடுத்த ஆகஸ்ட் வரை ஒரு முழு ஆண்டு ஓட்டிப் பார்த்தால் மண், நீர், ஆள், மயில், காட்டுப்பன்றி, வியாபாரி எல்லாம் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் போவது ஓராண்டுச் செலவு மட்டும்.

2. வரி. நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. எல்லைக்கு வெளியே இருந்தாலும் ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டர் வரை இதே நிலைதான். விற்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் அந்த நிலத்தில் நீங்களோ பெற்றோரோ விவசாயம் செய்திருந்து, ஆதாயத்தை வேறு விவசாய நிலத்தில் போட்டால் விலக்குக் கிடைக்கும். அதற்கு, விற்ற தேதிக்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்குள் புதிய நிலம் வாங்கியிருக்க வேண்டும். முன்பே வாங்கிய நிலம் கணக்கில் வராது. வாங்கத் தாமதமானால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வதற்கான கெடுவுக்குள் பணத்தை வங்கியில் அதற்கென்று உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். புதிய நிலத்தை மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் விலக்கின் பயன் போய்விடும்.

எனவே முதல் ஆண்டு குத்தகை, அது தேறினால் பழைய நிலத்தின் விற்பனை, அதன் பிறகு வாங்குதல் என்ற வரிசையில் போனால் வரி விலக்கும் கைவிட்டுப் போகாது. பதிவன்று முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் தயாராக இருக்க வேண்டும். பழைய நிலம் முழுவதையும் விற்றே ஆக வேண்டும் என்றும் இல்லை. வீடும் கிணறும் இருக்கும் அரை ஏக்கரை நிறுத்திக்கொண்டு மீதியை விற்பவர்களுக்கு, மாங்கன்று காய்ப்புக்கு வரும் வரையில் திரும்பி வந்து இருக்க ஓர் இடம் இருக்கும்.